கைராசியும் கிணற்றுத் தண்ணீரும்

4 ஏப்ரல் 2025, வெள்ளி

பெண்டாங்கிலிருந்து உமையாள் அண்ணி இன்றும் வந்தார். என் கணவர் லோகனின் அக்கா. வெள்ளிக்கிழமை தவறினாலும் அவர் தவறுவதில்லை. கையில் வழக்கம்போல நாலடுக்குக் கேரியர்: பருப்பு, ரசம், பொரியல், மாமாவுக்கென்று தனியாகக் குழைத்த சோறு. நேராக என் சமையலறைக்குள் போனார். நான் வைத்திருந்த சாம்பாரைத் திறந்து, ஒரே ஒரு பருப்பை எடுத்து, இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"சில பேருக்குக் கைராசி இருக்காது. அது சொல்லிக் குடுத்து வர்றதில்ல."

மாமா, லோகனின் அப்பா, பக்கவாதத்தில் படுத்திருக்கிறவர். மகள் கொண்டுவந்த பருப்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். லோகன் மட்டும் என் சாம்பாரை ஊற்றிக்கொண்டார். மென்று மென்று தின்றார். அண்ணி சொன்னதைவிட அவர் மெல்லுகிற சத்தம்தான் அதிகம் வலித்தது.

கூலிமில் வாடகை வீட்டில் இருந்தவரை என் பருப்பு ஒழுங்காக வெந்தது. மாமாவைப் பார்த்துக்கொள்ள இந்தப் பாலிங் வீட்டுக்கு வந்து நாலு வருஷம். ஐந்து விசில், ஏழு விசில், எதற்கும் மசிவதில்லை. என் கைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். கேரியரைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு நாள், அண்ணி. ஒரே ஒரு நாள் எனக்கும் வரும்.

9 ஏப்ரல், புதன்

குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. பைப் வேலை பார்க்கும் அய்யாவு அண்ணன் கழற்றித் தட்டினார். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகக் கல் விழுந்தது.

"தண்ணி கெராஸ் லா தங்கச்சி, கடினத் தண்ணி. பின்னால மலையப் பாரு, முழுக்கச் சுண்ணாம்பு. அது அடியில இருந்துதானே டியூப்வெல்லுல எடுக்கிறீங்க."

தண்ணீரை மென்மையாக்க மெஷின் இருக்கிறதாம். அதில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டவேண்டுமாம். லோகன் உடனே வேண்டாம் என்றார். டாக்டர் மாமாவுக்கு ஈக்கான் மாசின் கருவாடுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த மெஷின் தண்ணீரிலும் கொஞ்சம் உப்புச் சத்து தங்கும். அது கழுவி விடுகிற உப்புத் தண்ணீர் பின்பக்கக் கறிவேப்பிலையைக் கொன்றுவிடும். அய்யாவு அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கூலிம் கையுறைத் தொழிற்சாலை லேபில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். காலையில் போனதும் முதல் வேலை, தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்ப்பது. கூடினால் ரப்பர் பால் கட்டியாகிப்போகும். கம்பெனித் தண்ணீரை ஆறு வருஷம் சோதித்தவள், என் அடுப்படித் தண்ணீரை ஒரு நாள் சோதித்தேனா? யாரோ கைராசி என்று சொன்னதும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முட்டாள்.

இரண்டு போத்தல் எடுத்தேன். ஒன்றில் டியூப்வெல் தண்ணீர், ஒன்றில் வாளியில் பிடித்த மழைத் தண்ணீர். இரண்டிலும் சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்கினேன். மழைத் தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறியது. மற்றதில் திரிந்த பால்போல ஏதோ மிதந்தது, அவ்வளவுதான். மிச்ச மழைத் தண்ணீரில் பருப்பை வைத்தேன். மூன்றே விசில். கரண்டி பட்டதும் குழைந்தது.

நின்றபடியே ஒரு கிண்ணம் வெறும் பருப்பைத் தின்றேன். அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

லேபில் என்னோடு இருந்த தோழி சோதனை மருந்து அனுப்பியிருந்தாள். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு லிட்டருக்கு 310 மில்லிகிராம். தொழிற்சாலையில் இந்த அளவு வந்திருந்தால் மேனேஜர் கத்தியிருப்பார்.

உப்பில்லாமல் வழி இருக்கிறது. சமையலுக்கு: பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, சில மணி நேரம் ஆடாமல் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி எடுக்கவேண்டும். 95க்கு இறங்கிவிட்டது. பானை அடியில் வெள்ளைப் பொடி.

துவைக்க, குளிக்க அவ்வளவு தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியாது. அதற்கு டிரம்மில் சுண்ணாம்பு. லோகன் சிரித்தார். "கீலாவா நீ, பைத்தியமா? சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள யாராச்சும் சுண்ணாம்பு போடுவாங்களா?" போடுவார்கள். கரைந்திருக்கும் சுண்ணாம்பை அதுதான் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் படியும். முதல் தடவை ஆத்திரத்தில் அள்ளிப் போட்டுவிட்டேன். தண்ணீர் வழுவழுவென்றாகிக் கை எரிந்தது, கொட்டிவிட்டேன். இரண்டாம் தடவை நூறு லிட்டருக்கு இருபது கிராம் என்று நிறுத்துப் போட்டு, ஒரு நாள் தெளியவிட்டேன். லோகனின் வெள்ளைச் சட்டை நாலு வருஷத்துக்குப் பிறகு வெள்ளையாக இருக்கிறது.

எதற்காக இதெல்லாம் என்று லோகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்காவிடம் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை வரட்டும்.

18 ஏப்ரல், வெள்ளி

வந்தார். மூடியைத் திறந்தார். நசுக்கினார். வெண்ணெய்போல நசுங்கியது. மாமா என் பருப்பை மூன்று முறை கேட்டார்.

நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை. 'நல்லாருக்கு' என்று ஒரே ஒரு வார்த்தை.

"லோகன், உன் மளிகைக் கடைக்கு நல்ல பருப்பு வந்திருக்கு போல. எனக்கும் ரெண்டு கிலோ கட்டு."

வேகாதபோது என் கை. வெந்தால் தம்பி கடைப் பருப்பு. அப்படித்தானே? இனி இந்த நோட்டில் 'அவர்' கிடையாது. அவள். யார் படிக்கப் போகிறார்கள்.

26 ஏப்ரல், சனி

அவளுடைய மகள் ஷாந்தினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஷாந்தினி சுங்கை பட்டாணியில் மருந்தாளர். கூட வேலை செய்யும் கிருஷ்ணகுமாரைத் தானே விரும்பித் தேர்ந்தெடுத்தாள். பையன் வீட்டார் பண்டார் பாரு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா குகநாதன் ஓய்வுபெற்ற ஆசிரியர். பையனின் அம்மாவுக்கு அரை மனசுதானாம். அதனால் அன்றைக்கு எல்லாம் சரியாக நடக்கவேண்டும் என்று உமையாளுக்குப் பயம்.

மாமாவால் பயணம் செய்ய முடியாது என்பதால் இங்கேயே, இந்த வீட்டில், மே பத்தாம் தேதி.

"சமையல நான் பாத்துக்கறேன் ரஜனி. நீ அடுப்புப் பக்கமே வராத. கோவிச்சுக்காத, நல்ல காரியம்."

"சரி அண்ணி" என்றேன். இவ்வளவு இனிப்பாக நான் பேசி லோகனே கேட்டதில்லை.

8 மே, வியாழன்

கொதிக்கவைத்த தண்ணீரையெல்லாம் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டேன். டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தேன். மழை வாளிகளையும். பெரிய பானைகளில் டியூப்வெல் தண்ணீர், தளும்பத் தளும்ப.

10 மே, சனி

காலை ஏழு மணிக்கு அவள் வந்து இறங்கினாள். பெண்டாங்கிலிருந்து பருப்பு, மசாலைத் தூள், நெய், காய்கறி, அவளுடைய ராசியான பானை, எல்லாம் கொண்டுவந்திருந்தாள். தண்ணீரைத் தவிர.

குக்கரில் வைத்தால் ருசி போய்விடும் என்று பானையிலேயே பருப்பைப் போட்டாள். எட்டு மணி. ஒன்பது. பத்து. நான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தீயைக் கூட்டினாள். மத்தால் கடைந்தாள். கரண்டியில் எடுத்து நசுக்கினாள், மறுபடி நசுக்கினாள்.

"என்னடி அடுப்பு இது?"

"அதே அடுப்புதான் அண்ணி."

வெள்ளரிக்காயை அவ்வளவு மெல்லிசாக நான் என்றைக்கும் நறுக்கியதில்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். தே தண்ணியின் மேல் ஆடைபோல ஏதோ மிதந்தது. பையனின் அம்மா கமலாம்பிகை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாறத் தொடங்கும் முன்பே உமையாள் சொன்னாள்.

"எல்லாம் எங்க ஷாந்தினி வெச்சதுங்க. காலையில நாலு மணிக்கே எழுந்துட்டா."

பெண் பார்க்கும் வீட்டில் எல்லா அம்மாவும் சொல்கிற பொய். என்னைப் பார்க்க வந்தபோது என் அம்மாவும் சொன்னார். அன்றைக்கு நான் வெங்காயம்கூட உரிக்கவில்லை. வாய்ப் பழக்கத்தில் அவளுக்கும் வந்துவிட்டது. இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

கமலாம்பிகை பருப்பைச் சோற்றில் பிசைந்தார். பாதியில் கை நின்றது. ஒரு பருப்பை இலை ஓரத்தில் வைத்து அழுத்தினார்.

"பருப்பு அவியேல்லைப் பிள்ளை" என்றார், ஷாந்தினியிடம். பிறகு பொதுவாக, "எங்கட வீட்டிலை பருப்பில்லாமல் ஒரு நேரமும் சாப்பாடில்லை."

உமையாளின் முகம் நான் நினைத்தபடியே கறுத்தது. அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் ஷாந்தினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாய் திறப்பாள் என்று பார்த்தாள். உமையாள் ரசத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஷாந்தினி தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி" என்றாள்.

அந்தப் பருப்பைச் சமைத்ததில் ஷாந்தினியின் கை படவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

12 மே, திங்கள்

பையன் வீட்டில் 'யோசிச்சுச் சொல்லுறம்' என்றார்களாம். கவனமில்லாத பிள்ளை என்று கமலாம்பிகை சொன்னதாகக் கிருஷ்ணகுமார் வருத்தப்பட்டானாம். ஷாந்தினிதான் போனில் சொன்னாள்.

"அம்மா மேல தப்பில்ல அத்தை. நான்தான் சமைக்கக் கத்துக்கிட்டு இருந்திருக்கணும்."

அய்யோ, இந்தப் பொண்ணு ஏன் இப்படி இருக்கா. உன்னையா நான் குறி வெச்சேன்? உங்கம்மாவுக்கு வெச்சதுடி அது. நாலு வருஷம் என் தலையில போட்டத ஒரு மத்தியானம் அவ தலையில போடலாம்னு பாத்தேன். அவ அத எடுத்து உன் தலையில வெச்சுட்டா. பெத்த பொண்ணு தலையில.

சரி. அப்படியென்றால் உமையாள்தான் வைத்தாள் என்று சொல்லிவிடலாமா? சொல்லிவிட்டால் இரண்டு பேரின் மரியாதையும் மொத்தமாகப் போகும்: பொய் சொன்ன அம்மா, ஒத்துக்கொண்ட மகள். தண்ணீர்தான் காரணம் என்று சொல்லலாமா? தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள். இப்படி ஒரு அத்தை இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

15 மே, வியாழன்

பண்டார் பாருவுக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். லோகனிடம் பல் டாக்டர் என்று சொன்னேன்.

கமலாம்பிகை கதவைத் திறந்ததும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"அன்னிக்குப் பருப்பு வெச்சது நான்தாங்க. ஷாந்தினி மத்ததெல்லாம் பாத்துக்கிட்டா. பருப்ப மட்டும் நான் வெக்கறேன்னு பிடிவாதமா வாங்கிக்கிட்டேன். என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்டுச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்குச் சமையல் வராதோ?"

"வராதுங்க."

நாலு வருஷம் அவள் சொன்னதை நானே என் வாயால், ஒரு வெளி ஆளிடம், கேட்காமலே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதோடு முடியவில்லை. கமலாம்பிகைக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. பருப்பு அவிப்பது எப்படி என்று அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுத்தார். "இரண்டு மணித்தியாலம் ஊறப் போடும். மஞ்சள் முதலே போடும்." பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினேன். அவர் குழாயைத் திறந்து சட்டியில் பிடித்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

23 மே, வெள்ளி

சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். ஷாந்தினி போனில் சிரித்துக்கொண்டே அழுதாள்.

இன்று உமையாள் வரவில்லை. நாலு வருஷத்தில் முதல் வெள்ளி.

30 ஆகஸ்ட், சனி

நேற்றுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாமாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். பேத்தி தாலியைப் பார்த்துவிட்டார்.

மண்டபத்தில் கமலாம்பிகை என் கையைப் பிடித்துத் தன் சொந்தக்காரர் எல்லாருக்கும் காட்டினார். "இவதான் பருப்பு அவிக்கத் தெரியாத மாமி. நல்ல மனுசி." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனி இரண்டு குடும்பத்திலும், சாகும்வரை, நான் அதுதான். உமையாள் பக்கத்திலேயே நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

இன்று மத்தியானம் இங்கே வந்தாள். பந்தியில் மிஞ்சிய பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"பருப்பு வெச்சது நானு. நீ எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்ட ரஜனி?"

"ஷாந்தினிக்காக அண்ணி."

என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு மட்டும் என் கைக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. நல்ல நாளும் அதுவுமா அப்படி ஆச்சே, புள்ளைக்கு ஏதாச்சும் வந்துருமோன்னு மாரியம்மனுக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்குப் போடறேன். வீட்டுல பருப்ப அடுப்புல வெக்கவே பயமா இருக்கு. உன் பருப்பு இப்ப நல்லா வேகுதுன்னு லோகன் சொன்னான். என்னதான் பண்றே?"

'தண்ணிதான் அண்ணி.' இரண்டே வார்த்தை. நுனி நாக்கில் இருந்தது. கொதித்து இறக்கிய பானை அவளுக்கு ஒரு கை தூரத்தில், மூடியோடு, தெளிந்துகொண்டிருந்தது. கைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

"கமலாம்பிகை அம்மா சொல்லிக் குடுத்தாங்க அண்ணி. ரெண்டு மணி நேரம் ஊற வெக்கணுமாம்" என்றேன்.

சொல்லிவிடுவேன். கட்டாயம் சொல்லிவிடுவேன். நான் அவ்வளவு கெட்டவள் இல்லை. ஆனால் அவள் என்னிடமிருந்து நாலு வருஷம் எடுத்துக்கொண்டாள். நான் தீபாவளி வரைக்கும் எடுத்துக்கொள்கிறேன்.