வாசலில் நின்று பார்த்தது

மார்ச் 3, செவ்வாய்
ஆங்கில வகுப்பில் இன்று ‘க்ளான்ஸ்’ பாடம். ஒரு நொடிப் பார்வைக்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள். ‘க்விக் க்ளான்ஸ்’ சட்டென்று பார்ப்பது. ‘சைட்லாங் க்ளான்ஸ்’ கடைக்கண். ‘ஸ்டீல் எ க்ளான்ஸ்’ திருட்டுப் பார்வை என்றதும் பின் வரிசை சிரித்தது. ‘கர்சரி க்ளான்ஸ்’ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. “ஒப்புக்குப் பாக்கிறதும்மா, கடனேன்னு” என்றார் வாத்தியார். தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள். தேறிவிட்டால் வெளிநாட்டில் நர்ஸ் வேலை உறுதி. வீட்டுக்காரர் இப்போதே பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டார்.

மார்ச் 5, வியாழன்
பகல் டியூட்டி. சார்ட்டுக்கு அடியில் நோட்டை வைத்து க்ளான்ஸ் பாடத்தை உருப்போட்டேன். இரண்டு மணி ரவுண்டை வார்டு வாசலில் நின்றே முடித்தேன். எல்லாரும் அப்படித்தான் – இதெல்லாம் ஒரு சமாதானமா? ஏழாம் படுக்கைப் பெரியவர், காலையில் ஆபரேஷன் ஆனவர், கண்மூடிக் கிடந்தார். ‘உறங்குகிறார், நிலைமை சீர்’ என்று எழுதினேன். மூன்றேகாலுக்கு அவர் மகள் வந்து போர்வையை விலக்கினாள். மெத்தை முழுக்க ரத்தம்.

மார்ச் 6
போயிட்டார். “ஒரு மணி நேரம் முன்னாடி பாத்திருந்தா பிழைச்சிருப்பார்” என்று டாக்டர் சொன்னார், யாரையும் பார்க்காமல்.

மார்ச் 7
நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். இன்சார்ஜ் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். “‘கேர்ஃபுல் லுக்’னு போடு. கிட்ட போய் பாத்தேன்னு போடு. ஃபைல்ல உன் பேரு கெட்டா வெளிநாட்டை மறந்துட வேண்டியதுதான்.” அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு பிழைகூட இல்லை.

மார்ச் 10
பெரியவரின் மகள் இறப்புக் காகிதங்கள் வாங்க வந்தாள். நான் எழுதியதை அலுவலகத்தில் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் மருந்து வாங்கப் போயிருந்தேன் சிஸ்டர். நீங்களாவது கிட்ட போய் பாத்தீங்களே, அது போதும்.”
திட்டியிருக்கலாமே. அறைஞ்சிருக்கலாமே. நான் என்ன ஜென்மம்?

மார்ச் 11
எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினேன். ‘கேர்ஃபுல் லுக்’கை அடித்துவிட்டு, ‘கர்சரி க்ளான்ஸ், வாசலிலிருந்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றார் அக்கா.

மார்ச் 12
அவள் வீட்டுக்குப் போய் நேரில் சொன்னேன். திட்டவில்லை, அழவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 21
தேர்வு நாள். போகவில்லை.

ஏப்ரல் 2
வேலை நீக்க உத்தரவு வந்தது. வீட்டுக்காரர் வாசித்துவிட்டு மடித்து வைத்தார். ஸ்டூல் போட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றினார். மேலே நின்றபடியே, “உள்ள அந்துருண்டை போட்டு வைக்கவா?” என்று கேட்டார்.
போடச் சொன்னேன்.