பழைய விண்டோஸும் என் விசாவும்

அல் குசைஸ், துபாய்
புதன், மதியச் சாப்பாட்டு நேரம்

அன்பு மகள் அக்ஸாவுக்கு, அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கு இங்கே சுகர் ஏறாமல் நிற்கிறது; ஜெர்மனிக் குளிரில் நீயும் மருமகனும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? குளச்சலில் அம்மா சுகம். மாடிக்குத் தகரம் போட்டுவிட்டாளாம், வேலை முடிந்த பிறகுதான் எனக்கு போட்டோ வந்தது.

போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்து விஷயங்களையும் ஒன்றுவிடாமல் செய்து, எங்கள் குடோன் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதுசை ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது, அப்பாவுக்குத்தான் வேலை போயிற்று. அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று பாவப்பட்டு விளக்கி எழுதினாய். மக்ளே, அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். ஏசி ஸ்பேர் பார்ட்ஸ் எது எந்த அலமாரியில் என்ற விவரமெல்லாம் அந்தப் பழைய பெட்டிக்குள்தான். அது நடுவில் நின்றுபோனால் எந்த பட்டனை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அறுபது தாண்டிய ஆளுக்கு இன்னும் விசா எதற்கு என்று மேனேஜர் யோசிக்கும் வாரம் பார்த்து அது நின்றுபோகும். எப்படி நின்றது என்று கேட்காதே, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். பெட்டியின் மேலே குழந்தை இயேசு படம் ஒட்டி, கீழே மாஃபி டச், யாரும் தொடக்கூடாது என்று எழுதியும் வைத்திருந்தேன். டிரைவர் முதல் மேனேஜர் வரை ஒருவரும் கை வைத்ததில்லை.

இந்த மாதம் மாற்றியே ஆக வேண்டும் என்று சவுதியில் இருக்கும் அல் கோபார் ஹெட் ஆபீசிலிருந்து உத்தரவு. நீ எழுதியதில் மூன்றாவது, உள்ளே இருப்பதை எல்லாம் முதலில் வேறொரு டிஸ்கில் எடுத்து வைப்பது. அங்கே என் கை நின்றுவிட்டது. அதை மறந்தாற்போல் விட்டால் எல்லாம் அழிந்துபோகும், எந்த சாமான் எங்கே என்று என்னைத்தான் கேட்டாக வேண்டும், இன்னும் இரண்டு வருஷம் ஓடிவிடும். அந்த இடத்தில் மட்டும் நீ, அப்பா இத விட்டுராதீங்க என்று தனியாக எழுதியிருந்தாய். எடுத்து வைத்துவிட்டேன். எல்லாம் முடிந்ததும், இதை யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று அது கேட்டது, ராஜீவ் பேரை அடித்தேன். திருச்சூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஸ்டோர்கீப்பர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரே மணி நேரத்தில் எல்லாம் படித்துக்கொண்டான். மேனேஜர் கைகொடுத்து, ஷாபாஷ் பாய் என்றார். மறுநாள் விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரியாணியும் வாங்கித் தந்தார். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை, பயம்தான். இருபத்தாறு வருஷத்தில் நான் குளச்சல் வீட்டில் சேர்ந்தாற்போல் நாற்பது நாள் இருந்ததில்லை. எந்த ஸ்விட்சுக்கு எந்த விளக்கு எரியும் என்றுகூடத் தெரியாது. நேற்று அம்மாவிடம், அடுத்த மாசம் வாறேன் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். இந்த தடவ எத்தன நாளு லீவு உண்டு என்று கேட்டாள். இனி லீவே கிடையாது ரெபேக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பது நாள் என்று சொல்லிவிட்டேன்.

மாதா உங்கள் இருவரையும் கூடவே இருந்து காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, வெந்நீர் குடி. முக்கியமாக, அம்மாவிடம் நீ முந்திக்கொண்டு எதையும் சொல்லிவிடாதே. முப்பத்தோராம் நாள் காலையில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
மரியராஜ்