குடும்பச் செலவுக்கு வந்த பணம் இல்லை

ஆவணி, செவ்வாய்க்கிழமை

வங்கியில் இன்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். என் சமையல் வலைப்பூவில் வரும் விளம்பரங்களுக்காக அமெரிக்கக் கம்பெனி முதல்முறையாகப் பணம் அனுப்பியிருக்கிறது. அந்த ஊர் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான். எதற்கான பணம் என்று எழுதிக் கொடுத்தால்தான் கணக்கில் ஏறுமாம்.

கவுண்டரில் இருந்தவர் என்னைக் கேட்கவே இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் பாகூரில் வெளிநாட்டுப் பணம் என்றால் பிரான்சிலிருந்து சொந்தக்காரர் அனுப்புவதுதானே! ‘குடும்பச் செலவுக்கு’ என்று அவரே நிரப்பி நீட்டினார்.

“சார், இது நான் சம்பாதிச்சது. விளம்பர வருமானம்னு எழுதுங்க.”

“இன்னாம்மா நீ, அப்புறம் இங்கயும் வரி கேப்பாங்க. இதுல கையெழுத்துப் போட்டா இன்னைக்கே ஏறிடும்.”

போடவில்லை. பணம் அப்படியே நிற்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னால், “போட்டுட்டு வர்றதுதானே, யாரு வந்து பாக்கப் போறா?” என்கிறார்.

மீன்குழம்பைத் திரும்பத் திரும்ப வைத்து, படம் எடுத்து, கண் எரிய எழுதியது நான். எந்தச் சொந்தக்காரனும் எனக்குப் படியளக்கவில்லை. நாளைக்கும் போய் நிற்பேன்.

வரி கேட்டால் கேட்கட்டும். கரும்பு போடும் இந்தக் குடும்பத்தில் வருமான வரி கட்டியவர் யாருமே இல்லை. முதல் ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.