ரீடு மேல்பக்கம்

3 டிசம்பர் 2024, செவ்வாய்
மேல்வரிசைப் பல் செட் வந்துவிட்டது. சாப்பிட முடிகிறது. கிளாரினெட்டை எடுத்து ஊதினேன். பல் செட் கழன்று மவுத்பீஸோடு வந்தது.
கிளாரினெட்டில் ரீடு ஒன்றுதான், மவுத்பீஸின் அடியில் கட்டிய நாணல் பட்டை. கீழுதடு அதைத் தாங்கும், மேற்பல் மவுத்பீஸை மேலிருந்து அழுத்தும். அந்த மேற்பல்தான் என்னிடம் இல்லை.

8 டிசம்பர், ஞாயிறு
நெல் கொள்முதல் கொட்டகையில் எங்கள் மூத்தோர் பேண்டு பயிற்சி. என் சத்தம் பாதியில் நின்று நின்று வந்தது.
முதல் கிளாரினெட் வாசிக்கும் இராஜாங்கம்: "சார் ஊதுறாரா, கொப்பளிக்கிறாரா?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?
பேண்டு மாஸ்டர் ஜெகபர் அலி ராணுவ பேண்டில் இருந்தவர். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். பொங்கல் வரைக்கும் பாருங்க. சரிவரலைன்னா குடியரசு தினத்துக்கு நீங்க ஜால்ரா."

9 டிசம்பர், திங்கள்
ஜால்ரா. பதினோரு வருடம் ஊதிய பிறகு.

14 டிசம்பர், சனி
நூலகத்தில் இரண்டு மணி நேரம். குறிப்பு:
1700-ஐ ஒட்டி, ஜெர்மனியில் நூரம்பர்க்கில், டென்னர் என்ற குழல் செய்பவர் ஷாலுமோ என்ற சிறு குழலில் துளை மூடும் சாவிகளைச் சேர்த்தார். கிளாரினெட் அதிலிருந்து வந்தது என்கிறார்கள். ஒரு பக்கம் மூடிய குழாய்போல நடந்துகொள்வதால் அழுத்தி ஊதினால் எட்டாம் சுரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். இதையே கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் இறக்கி முப்பத்தொரு வருடம் பள்ளியில் நடத்தினேன். கையில் இருக்கும் குழலும் அதே குழாய்தான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இயற்பியல் ஆசிரியர்!
ஆனால் முக்கியமானது வேறு. அந்தக் காலத்தில் பலர் ரீடை மேல்பக்கம் வைத்துத்தான் ஊதினார்களாம். மேலுதடு ரீடின்மேல், கீழ்ப்பல் அடியில்.
கீழ்ப்பல் என்னிடம் எல்லாம் இருக்கிறது.

15 டிசம்பர், ஞாயிறு
உடம்பு சரியில்லை என்று பயிற்சிக்குப் போகவில்லை. பொய். கதவைச் சாத்திக்கொண்டு மவுத்பீஸைத் திருப்பி மாட்டினேன். பல் செட் டம்ளரில். காற்று மட்டும் வந்தது.
அம்சவல்லி வெளியிலிருந்து: "என்னங்க, குக்கரைத் தொறந்துட்டீங்களா?"
நாற்பத்தாறு வருடம் என்னோடு இருப்பவள். மறுபடி ஊதினேன்.

24 டிசம்பர், செவ்வாய்
ஒரு சுரம் அறுபடாமல் நின்றது. பன்னிரண்டு நொடி. மீண்டும் ஊதி எண்ணினேன், பதினொன்று.

5 ஜனவரி 2025, ஞாயிறு
போனேன். பெரிய டிரம்முக்குப் பின்னால் நின்றேன். பல் செட் சட்டைப்பையில். மூன்றாவது பாட்டில் ஜெகபர் அலி கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.
"சார், மவுத்பீஸைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."
நூரம்பர்க்கைச் சொல்ல வாயெடுத்தேன். பல் இல்லாமல் 'நூழம்பழ்க்' என்றுதான் வந்தது.
இராஜாங்கம்: "அப்படியே கவுந்து படுத்துக்கிட்டு ஊதச் சொல்லுங்க பாய், நேராயிடும்."
போய்விடலாமா என்று நினைத்தேன். வழியில் டிரம் இருந்தது.
ஜெகபர் அலி மறுபடி ஊதச் சொன்னார். ஊதினேன். கண்ணை மூடிக் கேட்டார்.
"கண்ணைத் தொறந்தா தப்பு, மூடுனா சரி. நம்ம மூடிக்குவோம். நில்லுங்க சார்."

26 ஜனவரி, ஞாயிறு
ஊதினேன். இரண்டு இடத்தில் பிசிறு. ஒன்றுதான் என்னுடையது.

9 பிப்ரவரி, ஞாயிறு
காலை எட்டு மணிக்கு இராஜாங்கம் வீட்டுக்கு வந்தார், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி. கையில் கிளாரினெட் பெட்டி. அம்சவல்லி உள்ளே போகும்வரை பேசவில்லை.
"மேல முன்பல்லு நாலும் ஆடுது சார். எடுத்தே ஆகணும்னுட்டாங்க. அதை எப்படித் திருப்புறது? யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."
அவருடைய மவுத்பீஸைத் திருப்பி மாட்டிக் கொடுத்தேன். முதல் வாரம் வெறும் காற்றுதான் வரும், பயப்பட வேண்டாம் என்றேன்.
முதல் ஊதலிலேயே சுத்தமாக வந்தது.
"பரவாயில்லை," என்றேன்.