எலுமிச்சைத் தொட்டிக்கு மண்

பிப்ரவரி 11, 2024
என் மனைவி ஜீவமணியின் எலுமிச்சை இலை உதிர்க்கிறது. விதையிலிருந்து பத்தொன்பது ஆண்டுகளாக அவள் வளர்த்த போன்சாய். உயரம் ஒன்றரை அடி. டிசம்பர் வெள்ளத்தின் சேறு தொட்டிக்குள் இறுகி, ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கிறது. வேர் அழுகினால் முடிந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்து படுப்பவள், கண் திறந்ததும் கேட்பது அதைத்தான்.

"நாப்பது வருசம் ஊருச் செய்தியெல்லாம் எழுதுனீங்க, ஒரு தொட்டிக்கு மண்ணு கலக்கத் தெரியலயே."

பிப்ரவரி 14
இங்கே கிடைக்கும் தேரிச் செம்மண் ஆகாது, நனைந்தால் அடைத்துக்கொள்கிறது. சலித்த பருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பழைய கூரை ஓட்டை இடித்த சல்லி இரண்டு பங்கு. ஓட்டுக்கு எங்கே போவது?

பிப்ரவரி 17
உப்பு வியாபாரி மகாராஜன் அண்ணாச்சி, மூட்டை அடுக்கும் தன் ஓடு வேய்ந்த கிட்டங்கியைப் பிரிக்கிறார்.

"ரிப்போர்ட்டர் சாருக்கு இல்லாத ஓடா? லாரியோட அள்ளிட்டுப் போங்க. வீடு கட்டுதீயளா?"

"பூந்தொட்டிக்கு."

"தொட்டிக்கா!" வெகுநேரம் சிரித்தார்.

பிப்ரவரி 18
இடித்துச் சலித்தேன். கழுவலாமென்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை. கிட்டங்கி ஓடு, உப்பு ஏறியிருக்குமோ என்று சந்தேகம். போர் போட்டாலும் மணல் வாங்கினாலும் இந்த ஊரில் முதலில் நாக்கில்தான் வைக்கிறோம். அவள் மரம், அவள் நாக்கே சொல்லட்டும் என்று ஒரு சிட்டிகை கொடுத்தேன். நுனி நாக்கில் வைத்து யோசித்தாள்.

"கரிக்கல. போடுங்க."

மாற்றி நட்டேன். தண்ணீர் நிற்காமல் இறங்கியது.

மார்ச் 3
இலை நுனிகள் கருகுகின்றன.

மார்ச் 9
தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மீதிச் சல்லியை நானே நாக்கில் வைத்தேன். உப்பு. சந்தேகத்துக்கு இடமில்லாத உப்பு.

அப்படியென்றால் அவளுக்கு —

உப்பில்லாக் கஞ்சிக்காகத் தினமும் சண்டை போட்டவள், பொங்கலுக்குப் பிறகு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேனே. நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்?

மார்ச் 10
சல்லியைக் கழுவினேன், நாக்கில் வைத்தேன், மறுபடி கழுவினேன். கரிப்பு போன பிறகே நட்டேன். மறுபடி ஏன் என்று கேட்டாள். வடிகால் போதவில்லை என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. கரிச்சுதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ரெண்டு மாசமா எனக்கு ஒரு ருசியும் தெரியல. சொன்னா, சமைக்கிற மனுசனுக்கு மனசு விட்டுப்போவும்னு சொல்லல."

"பின்ன, மண்ணுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்ன?"

"அன்னைக்கு ஓட்டு வாசம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. நாக்கு திரும்பிட்டுன்னு நெனச்சுட்டேங்க."

மார்ச் 21
இலை முழுவதும் கொட்டிவிட்டது.

ஏப்ரல் 2
"நகத்தால கீறிப் பாத்து, நெறத்தச் சொல்லுங்க" என்றாள் கட்டிலிலிருந்து. பட்டைக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கிளை நுனியிலிருந்து கீறிக்கொண்டே இறங்கினேன். அடித்தண்டில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"என்ன நெறம்?"

"பழுப்பு."

"அடியிலயும்?"

"அடியிலயும்தான்."

"அப்ப இனி தண்ணி ஊத்தாதீங்க." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஏப்ரல் 3
காலையில் ஊற்றினேன். கலவை இப்போது சரியாக இருக்கிறது. ஊற்றியது அப்படியே அடித்துளை வழியாகத் தரையில் வடிந்தது. அவள் கட்டிலுக்கு அடுத்த ஜன்னலின் வெளியேதான் தொட்டி. சத்தம் கேட்டிருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.