பின்வடம்

26-4-1959
காலையிலிருந்து மேகம் இறங்கிக் கிடக்கிறது. துவைத்த வேட்டி இரண்டு நாளாகக் கொடியில்தான். பள்ளிக்கூட வாத்தியார் என்று மாதாமாதம் என் பேருக்கு வரும் சிறுவர் பத்திரிகையை, பக்கத்து வீட்டு வேலுத்தாயின் மகள் சின்னத்தாயி எனக்கு முன்பே பிரித்துவிடுகிறாள். பத்து வயது. இன்று மூச்சிரைக்க ஓடிவந்தாள்.
"அய்யா, கொடைக்கானல்ல வாசகர் மாநாடாம்! சேனாதிபதி வாராராம்!"
சேனாதிபதி அந்தப் பத்திரிகையின் ஓவியர். அவர் படங்களை வெட்டி வீட்டுச் சுவர் முழுக்கச் சோற்றுப்பசையால் ஒட்டி வைத்திருக்கிறாள். கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

10-5-1959
அவருக்குக் கொடுக்க ஒரு படம் வரைகிறாள். எங்கள் பூம்பாறைத் தேர். முன்னால் வடம் பிடித்து ஒரு கூட்டம், பின்னால் வடம் பிடித்து ஒரு கூட்டம். பின்வடத்தின் நுனியில் தலையில் சிவப்பு உருமால் கட்டிய ஒருவர். போன ஐப்பசியில் காய்ச்சலில் போன அவள் அப்பா பழனிமுத்து. வருடா வருடம் அந்த நுனி அவர் கையில்தான் இருக்கும்.
"அப்பா மொகம் சரியா வரலீங்கய்யா."
"தோள் வந்திருக்கே, தாயி" என்றேன். பூண்டு மூட்டை தூக்கித் தூக்கி இடது தோள் ஏறியிருக்கும் அவருக்கு. அது அப்படியே இருந்தது.

17-5-1959
மாநாடு. மண்டபம் கொள்ளாத பிள்ளைகள். வரிசையில் நின்று எங்கள் முறை வந்தது. படத்தைப் பார்த்ததும் சேனாதிபதி உரக்கச் சிரித்தார்.
"முன்னாலயும் இழுத்து, பின்னாலயும் இழுத்தா சாமி எங்கே போவார், பாப்பா?"
மண்டபமே சிரித்தது. பிள்ளை தலை குனிந்துகொண்டாள். நான் பேசாமல் இருக்க முடியுமா? பாரவண்டி இறக்கத்தில் போகும்போது பின்னால் ஒருவன் கயிற்றை இழுத்துப் பிடிப்பதில்லையா என்று ஆரம்பித்தேன். எங்கள் தெருக்கள் மேடும் பள்ளமும். "முன்வடம் தேரை நடத்தும், பின்வடம் தேரைக் காக்கும்" என்றேன்.
அவர் சிரிப்பு நின்றது. "அடடா, இது தெரியாமப் போச்சுங்களே" என்று படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார். பிறகு, "இதை நான் வச்சுக்கட்டுமா பாப்பா? என் மேஜைக்கு மேலே மாட்டிவைக்கிறேன்."
அவள் என்னைப் பார்த்தாள். கொடு தாயி என்றேன்.
பஸ்ஸில் கண்டக்டரிடம், "என் படம் மெட்ராசுக்குப் போகுது" என்றாள். "படத்துக்கு டிக்கெட் எடுத்தியா புள்ள?" என்றார் அவர். ஊர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

2-7-1959
மாட்டியிருப்பாரா என்று இன்றும் கேட்டாள். மாட்டியிருப்பார் என்றேன்.

5-1-1960
பொங்கல் மலர் வந்தது. அட்டையில் எங்கள் தேர்.
தேர்ந்த கை, நல்ல வர்ணம். ஆனால் எல்லாம் அவள் வைத்த இடத்தில் வைத்தபடி. படிப்படியான தோட்டங்கள், தேருக்குக் குறுக்கே ஓடும் நாய் — பின்வடத்தின் நுனியில் சிவப்பு உருமால், ஏறிய இடது தோள். கீழே சேனாதிபதியின் கையெழுத்து.
உள்ளே அவரே எழுதியிருக்கிறார்: மலைக் கிராமங்களில் அலைந்தபோது என் கண்ணில் பட்ட காட்சி. முன்வடம் தேரை நடத்தும், பின்வடம் தேரைக் காக்கும்.
என் வார்த்தை! ஓர் எழுத்துகூட மாறவில்லையே. அட பாவி, நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவனுக்கு இது வேடிக்கைப் படமாகவே போயிருக்குமே. பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.
அவளிடம் எப்படிக் காட்டுவது?

6-1-1960
காட்டினேன். அழவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்தாள்.
"எங்கப்பாவ எதுக்குங்கய்யா அவரு எடுத்துக்கிட்டாரு?"
 

12-1-1960
டீக்கடை செல்லப்பாண்டி அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். இது சின்னத்தாயி வரைந்தது என்றேன்.
"போங்க வாத்தியாரே! சின்னப்புள்ள கிறுக்குனத மெட்ராஸ்காரரு போடுவாராக்கும்? அவருக்கு வேற சோலி இல்லையா?"
ஊருக்கே பெருமை தாங்கவில்லை. தேருக்கு அவரையே அழைத்திருக்கிறார்களாம். படம் அவளுடையது என்று பத்திரிகைக்கு எழுதினேன், இன்னும் பதில் இல்லை.

24-1-1960
தேர். சேனாதிபதி வந்தார். மாலை, பரிவட்டம். கடையில் தொங்கிய அட்டையைக் கழற்றிக்கொண்டு சின்னத்தாயி நேரே அவர் முன்னால் போய் நின்றாள். நுனியில் இருந்த ஆள்மேல் விரலை வைத்தாள்.
"இவரு யாருங்க?"
அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "யாரோ ஊர்க்காரர் பாப்பா. இடம் காலியா இருந்தா சும்மா ஒரு ஆளைப் போடுறதுதான்."
அவள் அட்டையைச் செல்லப்பாண்டியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். தேர் இறக்கத்தில் இறங்கியபோது பின்வடத்தின் நுனிக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். வடத்தைத் தொடவில்லை. கூடவே நடந்துகொண்டிருந்தாள்.

3-2-1960
பழையபடி வரைய ஆரம்பித்திருக்கிறாள் என்று வேலுத்தாய் சொன்னாள். சந்தோஷத்தில் வெரசாகவே போனேன். பூண்டுப் பரணுக்குக் கீழே, மடியில் பலகை வைத்து உட்கார்ந்திருந்தாள்.
"நான் பார்க்கட்டுமா, தாயி?"
நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. தாளை மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.
"இது எங்க வீட்டுக்குங்கய்யா."
சரி தாயி என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த மாதப் பத்திரிகை மேஜைமேல் பிரிக்காமல் கிடக்கிறது. அதைப் பிரிக்க அவள் வரவில்லை.