துண்டில் கிடந்த கடிகாரங்கள்

கோலியனூர்,
புதன்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் சகாய பிரியா எழுதுவது. நான் நலம், அம்மா பரவாயில்லை, நீங்கள் நலமென்று ஸ்டேட்டஸில் பார்த்தேன். வாட்சுக்கு இருக்கிற மரியாதை வாட்ஸாப்புக்கு இல்லை. என் மெசேஜுக்கு நீலக் குறி விழுவதோடு சரி. அதனால்தான் தபால்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் மண்டபத்தில் உங்கள் வாட்ச் சேகரிப்பாளர்கள் கூட்டம் அமர்க்களம்தான். சாவி கொடுக்கிற அந்தப் பழைய வாட்சை நீங்கள் வெளியே எடுத்ததும், ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்த மாதிரி கூட்டம் மொய்த்தது. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உங்கள் கோயம்புத்தூர் வீட்டில் தினமும் அப்படித்தானோ என்னவோ.

நான் வந்தது வாட்ச் பார்க்க இல்லை, உங்களைக் கூட்டிவர. அம்மாவுக்கும் அது தெரியும். அலுப்புத் தீர ஆற்றுக்குப் போகலாம் என்று எல்லோரும் வேன் ஏறினீர்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வந்ததும், அம்மாவுக்கு விடிந்தால் ஆபரேஷன், இறங்கி ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று காதில் சொன்னேன். “வர்றப்ப பாத்துக்கலாம் பாப்பா, டைம் இருக்குதுல்ல” என்றீர்கள்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண்ணையாற்றில் முழங்கால் தண்ணீர். வாட்ச் நனையக் கூடாதென்று ஆளாளுக்குக் கழற்றித் துண்டில் வைத்து, காவலுக்கு என்னை உட்கார வைத்தீர்கள். என்னைப் போய்! வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் பின்னால் திருகினேன். கோயம்புத்தூர் ரயிலை விட்டால் ராத்திரி தங்கித்தானே ஆகணும். காலையில் ஆஸ்பத்திரியில் நிற்பீர்கள்.

நீங்கள் தண்ணீரில் மல்லாந்து கிடந்தீர்கள். கொக்கு ஒன்று பயமில்லாமல் பக்கத்தில் மேய்ந்தது. மனசு இப்படி லேசாகி எத்தனை நாளாச்சு என்று உங்கள் சிநேகிதர் மணிமாறன் அங்கிளிடம் சொன்னது கரைவரை கேட்டது. மீதி மல்லாட்டையைப் பொட்டலமாக மடித்து வைத்தேன்.

கரையேறி எல்லோரும் வாட்சைக் கட்டிக்கொண்டீர்கள். ஒருத்தராவது முள்ளைப் பார்க்கணுமே! இத்தனை வாட்ச் வைத்திருப்பவர்கள் மணி பார்ப்பது செல்போனில் என்று எனக்கென்ன தெரியும்? மணிமாறன் அங்கிளுக்கே மணி மாறினது தெரியவில்லை. உங்கள் போனில் அலாரம் அடித்தது. “ஜல்தி, ஜல்தி” என்று எல்லோரையும் விரட்டி, விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கினீர்கள். “அடுத்த தடவ கண்டிப்பா வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லு” என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதை நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தையல் வலி இருக்கிறது. அருணா சித்தி கூட இருக்கிறாள். மயக்கம் தெளிந்ததும் அம்மா, “அப்பா வந்தாராடி?” என்று கேட்டது. “வந்தாரும்மா. நீ மயக்கத்துல இருந்த. கொஞ்ச நேரம் உன்னையே பாத்துக்கினு நின்னாரு” என்றேன். நான் செய்ததிலேயே பலித்த குறும்பு இதுதான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “சாப்புட்டாரா?” என்றது.

அதனால் ஒரே வேண்டுதல். வீட்டுக்கு வந்ததும் அம்மா உங்களுக்குப் போன் செய்யும். தயவுசெய்து எடுங்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் ஜன்னலோரம். பச்சைப் போர்வை. கையில் ஜெபமாலை. மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்டீர்களா என்று மறுபடியும் கேட்கும். சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் பாப்பா,
சகாய பிரியா